எண்பத்தேழாம் எண் கதவு

வேலம்மாவின் வீட்டில் இரண்டு கதவுகள் இருந்தன.

ஒன்று வாசலில் இருந்தது. பச்சை பெயின்ட் அடித்த புதுக் கதவு. மந்தைவெளிக்குத் தெற்கே ஆற்றங்கரைக் குடிசைகளைப் பிரித்துவிட்டு அரசாங்கம் கட்டிக் கொடுத்த மாடிக் கட்டடத்தில், உச்சி மாடியில், ஓர் அறையும் அடுப்புக்கு ஒரு மூலையும் உள்ள வீடு அது. இன்னொரு கதவு உள்ளே சுவரில் சாய்ந்து நின்றது. அது எதையும் மூடவில்லை, எதையும் திறக்கவில்லை. பலகையின் நடுவே தாரால் எழுதிய 87 என்ற எண் மட்டும் அறைக்குள் வருகிற எவர் கண்ணிலும் முதலில் படும்.

அந்த எண் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் வேலம்மாவின் பயம் புரியும்.

ஆற்றங்கரையில் ஒரு குடிசையை ஓலை, மண், சாக்கு, தகரம் என்று கிடைத்ததைக் கொண்டு கட்டுவார்கள். மழைக்கு மழை அது மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது கதவு ஒன்றுதான். துறைமுகத்தில் உடைத்த பெட்டிகளின் பலகையை வாங்கி, பழைய லாரி டயரைப் பட்டையாக அறுத்துக் கீலாக அடித்துச் செய்வார்கள். தண்ணீர் ஏறினாலும் தீப்பிடித்தாலும் ஆட்களுக்கு அடுத்தபடி கதவைத்தான் கழற்றிக்கொண்டு ஓடுவார்கள். ஊரை விட்டுப் போகிறவன் குடிசையை அப்படியே விட்டுவிடுவான், கதவை விடமாட்டான்.

அரசாங்கம் குடிசைகளைக் கணக்கெடுக்க ஆள் அனுப்பியபோது, வந்தவர்கள் ஒரு டின் தாரும் தூரிகையும் கொண்டு வந்தார்கள். குடிசைக்கு ஓர் எண் போட வேண்டும். ஓலையில் தார் வழிந்துவிடும். மண் சுவரில் காய்ந்ததும் பெயர்ந்து விழும். பலகையில்தான் பிடிக்கும். அதனால் எல்லா எண்களையும் கதவிலேயே எழுதினார்கள். எழுதியவர்களைப் பொறுத்தவரை 87 என்பது அன்று அந்தக் குடிசையில் இருந்த குடும்பத்தின் எண். கரையில் இருந்தவர்களைப் பொறுத்தவரை அது கதவின் எண். கதவு ஓரிடத்தில் நிற்கும்வரை இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

கதவு நகர்ந்தது. அதன் சொந்தக்காரன் அம்மாசி, திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பினான். கணக்கெடுப்புக்குப் பிறகு கரைக்கு வந்து, சாக்குப் படுதாவைக் கதவாகத் தொங்கவிட்டிருந்த வடிவேலுவும் வேலம்மாவும், கல்யாணத்துக்கு வந்த அண்டாவைக் கொடுத்து அந்தக் கதவை வாங்கிக்கொண்டார்கள்.

"நம்பரோட எடுத்துக்கோ நைனா. சூளைல குந்திக்கினு நம்பர வெச்சி நாக்கு வழிக்கவா?" என்று சிரித்தான் அம்மாசி.

அப்புறம் குடிசைகளைப் பிரித்தார்கள். வீடு கொடுக்கும் நாளில் எல்லாரும் அவரவர் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதிகாரி கதவில் உள்ள எண்ணைப் பார்ப்பார், தன் கையிலிருந்த தாளில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள பெயரைக் கூப்பிடுவார்.

"எண்பத்தேழு! அம்மாசி!"

"இருக்கேன் சார்," என்றான் வடிவேலு. தலைமேல் கதவு இருந்ததால் அடியில் இருந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை. சாவியைக் கையில் வைத்த பிறகு அதிகாரி ஒலிபெருக்கியில் சொன்னார்: இந்த வீடு உங்களுக்குக் கொடுத்தது. விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இன்னொருத்தருக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. அது ‘நாட் டிரான்ஸ்பரபிள்’.

வேலம்மாவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. வாங்கும்போதே மாறி வந்த வீட்டைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்பது மட்டும் அடிவயிற்றில் விளங்கியது. குடிசையில் இருந்தபோது அவளுக்கு ஆற்றுத் தண்ணீர் என்றால்தான் பயம். இப்போது தண்ணீர் ஏற முடியாத உயரத்தில் இருந்துகொண்டு, படிக்கட்டில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் பயந்தாள்.

ஒரு காலையில் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி மீன் கூடையோடு உள்ளே வந்து, கூடையை இறக்காமலே சொன்னாள்.

"வியாயக்கெயம செக்கிங்காம்மே. ஊடு ஊடா வரானுங்களாம். அந்தாண்ட பில்டிங்ல ஒரு குடும்பத்த இட்டுக்கினு போயி ரோட்ல உட்டுட்டானுங்க. சட்டி பான எல்லாம் வெயில்ல கெடக்குது."

"இன்னாத்துக்கு?"

"வேற எவனுக்கோ குட்த்த ஊட்ல இவுங்க இருந்தாங்களாம். டிரான்ஸ்பர் பண்ணிக்கினாங்கன்னு சொல்றான்."

வடிவேலு சோற்றிலிருந்து தலையைத் தூக்கினான். "டிரான்ஸ்பர்னா போலீஸ்காரனுக்குத்தான பண்ணுவாங்க? ஊட்ட எப்டி பண்ணுவாங்க, தூக்கிக்கினா போவாங்க?"

"உன் மூஞ்சி. நீ கதவத் தூக்கிக்கினு வந்தியே, அத்தான்."

ஆரோக்கியமேரிக்கு எல்லாம் தெரியும். கரையில் இருந்தவர்கள் எல்லாருக்குமே தெரியும். யாரும் பேசுவதில்லை. ஒரு வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது எந்த வீட்டில் போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலம்மா மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வீட்டு ஜானகிக்கு அவள் வயதுதான் இருக்கும். எதைக் கேட்டாலும் முழுதாக விளக்காமல் விடமாட்டாள். அவள் கணவனுக்கு ஒரு பாங்கில் வேலை. தெருவே அம்பி என்று கூப்பிடும் அவனை ஜானகி மட்டும் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"யம்மா, டிரான்ஸ்பர்ன்றாங்களே, அது இன்னாம்மா?"

"காலங்கார்த்தால அதை ஏண்டி ஞாபகப்படுத்தறே? எந்த நிமிஷம் நாக்பூர்னு ஆர்டர் வருமோன்னு எங்காத்துக்காரரும் நானும் பயந்துண்டு கெடக்கோம். மாத்தறதுக்குன்னே உள்ள உத்தியோகம். சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டுத்தானே சேர்ந்தார்!"

"ஆள மாத்தறது இல்லம்மா. ஊட்ட மாத்தறது. எங்க பில்டிங்ல ஒருத்தி கேட்டா. டிரான்ஸ்பர் பண்ணக் கூடாத ஊடுன்னா இன்னா அர்த்தம்?"

ஜானகி கத்தரிக்காயைத் தட்டில் போட்டுவிட்டு அரிவாள்மணையை மடக்கினாள். விளக்குவதற்கு அவளுக்குக் கை காலியாக இருக்க வேண்டும்.

"பஸ் டிக்கெட் இருக்கே, அதுலே பேர் இருக்கா? இல்லே. நீ வாங்கி எங்கிட்ட குடுத்தா நான் ஏறிப் போகலாம். கையிலே யார் வெச்சிண்டிருக்காளோ அவாளுது. சபாவிலே சீசன் கார்டு வாங்கறேனோன்னோ, அதுலே என் பேர் போட்டிருக்கும். அந்த நாற்காலி கார்டுக்குக் குடுத்ததில்லே, எனக்குக் குடுத்தது. நான் போகலேன்னா காலியாக் கெடக்கணுமே தவிர, வேற யாரும் உக்காரப்படாது."

"போன மார்கழில உங்க நாத்தனார் போனாங்களே?"

"போனா. ஜம்முனு உக்காந்துண்டு, தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போய் போண்டாவும் தின்னுட்டு வந்தா. யார் கேக்கறா?"

"கேட்டா?"

"கேட்டா எழுந்திருக்கணும்."

"அப்போ நாற்காலி உங்களுக்குத் திரும்பி வந்துடும்."

"அதான் கெடையாது. கார்டையே பிடுங்கிண்டுடுவா. அவளுக்கும் இல்லே, எனக்கும் இல்லே. குடுத்தவாளுக்குத் திருப்பித் தந்துட்டா, எல்லாரும் தைரியமா குடுப்பாளே! ரெண்டு பேருக்கும் போயிடும்னாத்தான் பயம் இருக்கும். அந்த ஒரு சொல்லை வெச்சுத்தான் எல்லாத்தையும் கட்டி வெச்சிருக்கா." சொல்லி முடித்த திருப்தியில் ஜானகி சிரித்தாள். "ஏண்டி, உன் ஃபிரெண்டு யார் வீட்டிலேயாவது உக்காந்துண்டிருக்காளா?"

"தெர்யாதும்மா," என்றாள் வேலம்மா. கையிலிருந்த பித்தளைச் சொம்பு வழுக்கிக் கல்லில் விழுந்து உருண்டது.

ஒரே சொல்லை இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு அந்தச் சமையலறையில் இரண்டு பேர் பயந்துகொண்டிருந்தார்கள். ஜானகிக்குத் தன் வீட்டுக்காரரை மாற்றிவிட முடியும் என்பது பயம். வேலம்மாவுக்குத் தன் வீட்டை மாற்ற முடியாது என்பது பயம்.

அன்று மாலையே வேலம்மா வடிவேலுவைப் பழக்க ஆரம்பித்தாள். அவன் முகம் கழுவும்போது பின்னால் நின்று, "அம்மாசி!" என்பாள். அவன் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருப்பான். முதுகில் ஒன்று வைப்பாள்.

"உன்னத்தான்யா!"

"எனக்கு எப்டிமே தெரியும்?"

"தெரியணும். தூக்கத்துல கூப்ட்டாலும் தெரியணும்."

பெயர் என்பது காதில் குடியிருப்பது. பல வருடம் கேட்ட சத்தத்துக்குக் கழுத்து தானாகத் திரும்புகிறது, யோசித்துத் திரும்புவதில்லை. புதுச் சத்தத்துக்கு யோசித்துத்தான் திரும்ப முடியும். அந்த யோசிக்கும் நேரத்தைத்தான் வருகிற அதிகாரி பார்ப்பார். வேலம்மா அந்த நேரத்தைக் குறைக்கப் பாடுபட்டாள். புதன்கிழமைக்குள் வடிவேலு ஓரளவு தேறினான்.

இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஆரோக்கியமேரிதான் ஓட்டையைக் கண்டுபிடித்தாள்.

"அவன் சரி. உன் கத இன்னா? புருசன் பேரு இன்னான்னு கேட்டா நீ இன்னா சொல்லுவ?"

"அம்மாசி."

"செத்த போ! எந்தப் பொம்பள புருசன் பேர இப்டி பட்டுனு சொல்லுவா? நாயக் கூப்புடற மாரி சொல்ற. வரவனுக்கும் ஊட்ல ஒரு பொஞ்சாதி இருப்பா இல்ல? உடனே புடிச்சிப்பான், இது இவ புருசன் பேரு இல்லன்னு."

அது உண்மை. வடிவேலு என்ற பெயரை வேலம்மா கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை கூட உச்சரித்ததில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றபோது நர்ஸ் கேட்டதற்குக்கூடப் பக்கத்துக் கட்டில்காரியிடம் காலண்டரில் முருகன் கையிலிருந்த வேலைக் காட்டித்தான் சொல்ல வைத்தாள். அம்மாசி என்பது அவளுக்கு யாரோ ஒருவன் பெயர், அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"அப்போ இன்னா பண்றது மேரிக்கா?"

"வெக்கப்படு. முந்தானைய வாயில வெச்சிக்கோ. கீய பாரு. நீ சொல்லாத. அவனே சொல்லட்டும்."

ஏற்பாடு அப்படி முடிவானது. கேள்வி வந்ததும் வேலம்மா தயங்க வேண்டும். அந்தத் தயக்கத்தில் வடிவேலு முன்னால் வந்து, "அம்மாசி சார், நான்தான்" என்று சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. வடிவேலு ஓட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி அப்துல் கய்யூமுடையது. லோடு இருந்தால் கய்யூம் கட்டடத்துக்குக் கீழே நின்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி, "வடிவேலு!" என்று கத்துவார். வேலம்மா படியிறங்கிப் போய், பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

"பின்ன எப்டிம்மா? கடுதாசி போடவா?"

"மணி அடிங்க பாய். வியாயக்கெயம மட்டும்."

கய்யூம் அவள் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமை வேலம்மா வேலைக்குப் போகவில்லை. வாசலைப் பெருக்கினாள், மறுபடி பெருக்கினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபோது ஒருவன் படியேறி வந்தான். செம்மண் நிறத்தில் ஊறிய வேட்டி, கன்னம் உள்ளே போன முகம். அவன் இருமியபோதுதான் அடையாளம் தெரிந்தது.

"தங்கச்சி, நல்லா கீறியா?"

அம்மாசி.

வடிவேலு அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். வீட்டைக் கேட்க வந்திருக்கிறான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவன் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பார்வை சுவரோரம் போய் நின்றது.

"இன்னும் இங்கதான் கீதா! நல்ல வேள. நீ கொளுத்தி சுடுதண்ணி வெச்சிட்டிருப்பேன்னு பயந்துக்கினே வந்தேன். நைனா, எனக்கு அந்தக் கதவு வேணும்."

"கதவா?"

"சூளைய உட்டு வந்துட்டோம். கே.கே. நகராண்ட காலி நெலத்துல குடிச போட்டுக்கினு கீறோம். என் பொஞ்சாதி புள்ளைங்க ஓலைக்கு அடில குந்திக்கினு கீதுங்க. அங்கயும் கணக்கெடுக்க வரானுங்களாம். நம்பர் போட்ட கதவு இருந்தா ஊடு கெடைக்கும் இல்ல? உங்களுக்குக் கெட்ச்சிடுச்சே. இனிமே உங்களுக்கு அது இன்னாத்துக்கு? அண்டாவ எப்டியாவது திருப்பித் தந்துடறேன்."

வேலம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தக் கதவு போய்த் தொலைந்தால் போதும் என்று பல நாள் நினைத்தவள் அவள். ஆனால் 87 என்ற எண்ணோடு அது கே.கே. நகர்க் குடிசை வாசலில் நின்றால், கணக்கெடுக்க வருகிறவன் அதே எண்ணுக்கு இங்கே ஒரு வீடு கொடுத்திருப்பதைப் பார்ப்பான். ஓர் எண், இரண்டு இடம், ஒரே பெயர். அங்கிருந்து இந்தப் படிக்கட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும்?

"அந்த நம்பர சொரண்டிட்டு எடுத்துக்கினு போண்ணா."

"நம்பர் இல்லன்னா அது வெறும் பலக தங்கச்சி."

கதவைத் தட்டும் சத்தம். ஆரோக்கியமேரி தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். அம்மாசியைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது.

"அய்யய்யோ, நீ எங்கயா இங்க? வந்துட்டானுங்க! படில ஏறிக்கினு கீறானுங்க!"

கீழே போக ஒரே படிக்கட்டு. அறையில் பீரோ இல்லை, பரண் இல்லை. வேலம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஓர் ஆளை மறைக்கக்கூடிய பொருள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வடிவேலு பழைய கதவைச் சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் சாய்த்தான். அம்மாசி அதன் பின்னால் புகுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"இருமிடாதண்ணா," என்று கெஞ்சினாள் வேலம்மா.

அதிகாரி ஒல்லியாக, வியர்த்துப்போய், மூன்று மாடி ஏறிய களைப்போடு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் காமிராப் பெட்டியும் ஒரு சிலேட்டும் வைத்துக்கொண்டு ஒருவன். ஆரோக்கியமேரி அவர்களுக்கு வழிவிட்டு நடையில் ஒதுங்கி நின்றாள்.

"எண்பத்தேழு இதுதானே? வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

வேலம்மா பழகிய மாதிரியே செய்தாள். முந்தானையை வாயில் வைத்தாள், கீழே பார்த்தாள். பழகியது என்னவோ நடிப்புக்குத்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு நிஜமாகவே குரல் எழவில்லை. அதிகாரி லேசாகச் சிரித்தார். எத்தனையோ வாசலில் பார்த்த தயக்கம் அது, அவர் சந்தேகப்படவில்லை. அவளை விட்டுவிட்டு அறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"அம்மாசி!"

வடிவேலு ஓரடி முன்னால் வைத்தான். அவன் யோசித்தான். அந்த யோசிக்கிற நேரத்தில், யோசிக்க வேண்டிய தேவையே இல்லாத ஒருவன் பதில் சொல்லிவிட்டான்.

"இருக்கேன் சார்!"

குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பின்னால் அம்மாசி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருப்பான். அதிகாரி கதவைப் பார்த்தார்.

"அங்க என்னய்யா பண்றே?"

"பெருச்சாளி சார்," என்றாள் ஆரோக்கியமேரி நடையிலிருந்து. "காலைலேர்ந்து பேஜாரு பண்ணிக்கினு கீது. அத்த அடின்னா, பின்னாடி போயி அதோட குந்திக்கினு பேசிக்கினு கீறான்."

காமிராக்காரன் சிரித்தான். அம்மாசி தவழ்ந்து வெளியே வந்து எழுந்து நின்றான். அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார், பிறகு பலகையில் இருந்த எண்ணைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"நம்பர் போட்ட கதவை இன்னும் வெச்சிருக்கியே. நல்லது. அப்போ இவர் யாரு?"

வடிவேலுவைக் காட்டிக் கேட்டார். வேலம்மாதான் சொன்னாள்.

"எங்க அண்ணன் சார். கூடப் பொறந்தவரு. பாப்பாவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தாரு."

"பாத்துட்டுப் போகட்டும். தங்கக் கூடாது. பேர்ல உள்ள குடும்பம் தவிர வேற ஆள் இருந்தா வீடு போயிடும், தெரியுமில்லே?" அவர் நகர்ந்து வழிவிட்டார். "புருஷனும் பெஞ்சாதியும் வந்து வாசல்ல நில்லுங்க. படம் எடுக்கணும். இத்தனை நாள் பேரைக் கேட்டோம், எவன் வேணா எவன் பேரை வேணா சொல்றான். இனிமே அட்டையில படம் ஒட்டியிருக்கும். அடுத்த தடவை வர்றப்ப பேரே கேக்க மாட்டோம், மூஞ்சியைத்தான் பாப்போம்."

அதுவரை எல்லாமே நகர்ந்தன. எண் கதவோடு நகர்ந்தது, பெயர் வாயோடு நகர்ந்தது. எதுவும் தாங்கள் நினைத்தால் திரும்பி நகரும் என்று வேலம்மா ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். முகம் அப்படி நகராது. அவள் அம்மாசியின் பக்கத்தில் போய் நின்றாள். அவன் கையில் 87 என்று எழுதிய சிலேட்டைக் கொடுத்தார்கள். காமிராக்காரன் மூன்று கால் கட்டையை நட்டு, வெளிச்சம் குறைவு, அசைந்தால் படம் கலங்கிவிடும், அசையாதீர்கள் என்றான்.

இடுப்பில் இருந்த குழந்தை மட்டும் அசைந்தது. நடையில் சுவரோரம் நின்ற வடிவேலுவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டித் தாவியது. வேலம்மா இழுத்துப் பிடித்தாள். அது வீறிட்டது.

"அப்பன்கிட்ட குடும்மா, நிக்கும்," என்றார் அதிகாரி.

அம்மாசி சிலேட்டை அவளிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கினான். அழுகை இன்னும் பெரிதானது. வடிவேலு தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

‘கிளிக்’ என்றது பெட்டி.

அவர்கள் அடுத்த வாசலுக்குப் போனார்கள். குழந்தை தகப்பன் தோளுக்கு வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டது. கதவை முழுதும் சாத்தினால் சந்தேகம் வரும், ஒருக்களித்து வைத்துவிட்டு மூன்று பேரும் உள்ளே நின்றார்கள். சத்தமில்லாமல் பேசினார்கள்.

"தெரியாம சொல்லிட்டேன் தங்கச்சி. கூப்ட்டான், வாயில வந்துடுச்சி."

"உன் பேரு தானண்ணா."

அம்மாசி ஏதோ கணக்குப் போடுகிறவன் போலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக அவன் முகம் மாறியது. "அப்போ, என் மூஞ்சிக்கு இங்க ஊடு குட்த்தாச்சி. அங்க கணக்கெடுக்க வந்தா நான் இன்னா பேரு சொல்றது? அம்மாசின்னா, உனக்குத்தான் அங்க கீதேன்னு சொல்லுவான் இல்ல?"

அவன் இங்கே தங்க முடியாது, அங்கே அவன் மனைவியும் பிள்ளைகளும் ஓலைக்கு அடியில் இருக்கிறார்கள். வெளியே போய் உண்மையைச் சொன்னால், ஜானகி சொன்ன நாற்காலி மாதிரிதான், அவனுக்கும் இல்லை, இவர்களுக்கும் இல்லை. ஒருவர் குரல்வளையில் ஒருவர் கை வைத்துக்கொண்டு நிற்பது போல அந்தச் சின்ன அறையில் மூவரும் நின்றார்கள்.

வடிவேலுதான் பேசினான். "எம் பேரு சும்மாத்தான கீது. எங்கயும் எழுதல. எடுத்துக்கோ."

"வடிவேலுவா?"

"உம். அங்க நீ வடிவேலு. செக்கிங் வரப்ப மட்டும் ஓடியாந்து இங்க அம்மாசியா நில்லு. அப்பால போயிடு."

"என் பொஞ்சாதி எம் பேரக் கூட சொல்ல மாட்டா. இப்ப எந்தப் பேர சொல்லாம இருக்கணும்னு அவகிட்ட எப்டி சொல்றது?" என்றான் அம்மாசி. சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டான்.

வேலம்மா தேங்காய் துருவும் தகட்டை எடுத்து வந்து கதவின் முன்னால் உட்கார்ந்து தாரைச் சுரண்ட ஆரம்பித்தாள். பலகையின் இழைக்குள் இறங்கிய தார் லேசில் போகவில்லை. எட்டு போய், ஏழு பாதி போனபோது கீழே மணி அடித்தது.

வண்டி மணி. கய்யூம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தார். வடிவேலு எட்டிப் பார்க்கப் போனான், வேலம்மா அவன் வேட்டி முனையைப் பிடித்து இழுத்தாள். நடையில் அதிகாரியின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை மணி நீளமாக அடித்தது. பிறகு கய்யூமின் பொறுமை போய்விட்டது.

"வடிவேலு! டேய் வடிவேலு! ஐஸ் கரஞ்சிக்கினு போவுதுடா!"

பல வருடம் கேட்ட சத்தம். வடிவேலுவின் கழுத்து தானாகத் திரும்பியது, வாய் திறந்தது. வேலம்மா எழுந்து, தார் ஒட்டிய கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

"இப்ப நான் குரல் குடுக்கணுமா?" என்று அம்மாசி கிசுகிசுத்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

நடையில் செருப்புச் சத்தம் நின்றது. "யாரு வடிவேலு?" என்று அதிகாரி கேட்டார். தாள்கள் புரளும் ஓசை. "இந்த மாடியில அப்படி ஒரு பேர் இல்லையே. எந்த வீட்டுல இருக்கான்?"

ஆரோக்கியமேரியிடமிருந்து இந்தத் தடவை ஒரு வார்த்தையும் வரவில்லை. செருப்புச் சத்தம் பச்சைக் கதவை நோக்கித் திரும்பியது.

வேலம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அதிகாரியைத் தாண்டி நடைச் சுவருக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். வெயிலில் கையை நெற்றிக்கு வைத்துக் கய்யூம் அண்ணாந்து நின்றார். வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய்! வடிவேலுன்னு இங்க யாரும் இல்ல!"

கொஞ்சமும் தயங்காமல், கீழே பார்க்காமல், முந்தானையை வாயில் வைக்காமல் சொன்னாள். கய்யூம் அவளையே பார்த்தார். பிறகு கையை இறக்கி, வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போனார்.

"தப்பான கட்டடத்துக்கு வந்திருப்பான்," என்றார் அதிகாரி, படியிறங்கிக்கொண்டே.

வேலம்மா திரும்பவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் குழந்தை ஒருக்களித்த கதவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.